கூரைக்கு நான் தேர்ந்தெடுத்த குழாய்

1. வானம் இல்லாத இடம்

தொழிற்சாலைக்குள் வானம் கிடையாது. ஓசூரில் ஓர் ஆலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கிரேன், அதற்கு மேலே கூரைத் தகர ஷீட், ஷீட்டுக்கு நடுவே வெளிச்சத்துக்காக வைத்துப் பழுப்பேறிப்போன ஃபைபர் தகடு. மழை எங்களுக்கு ஒரு சத்தம். வெயில் மதியம் தரையில் விழுந்து, மூன்றரை மணிக்கு லேத்தைத் தாண்டிப் போகும் ஒரு மஞ்சள் கட்டம். அதற்கு மேல் அந்த இரண்டோடும் எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

எங்கள் எதிரிகள் வேறு. எண்ணெய், மெஷினைக் குளிர வைக்க ஓடும் பால் நிறக் கூலன்ட், பறந்து வந்து சுடும் இரும்புச் சுருள். இவற்றுக்கு நடுவே ஒயரைப் பத்திரமாகக் கொண்டுபோக எங்களுக்கு இருந்தது ஸ்டீல் ஃப்ளெக்சிபிள். தகட்டு நாடாவைச் சுருட்டி ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய, வளைத்தால் வளையும் குழாய். மேலே ஸ்பேனர் விழுந்தாலும் நசுங்காது. பத்து வருடம் கழித்து வேஸ்ட் துணியால் துடைத்தால் நேற்று வாங்கியது போல மின்னும். இரும்பின் மேல் எனக்கு இருந்தது கிட்டத்தட்ட பக்தி.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கமும் இருந்தது. மெஷின் நின்றால், மீட்டரை எடுப்பதற்கு முன் கையை வைப்போம். மெயினை அணைத்துவிட்டு, கிளவுஸைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் மேல், பேரிங்கின் மேல், குழாயின் மேல் வெறும் உள்ளங்கையை வைப்போம். எங்கே சூடு, எங்கே கசிவு என்று கை சொல்லிவிடும். அதில் எனக்கு நல்ல பெயர். அடுத்த ஷிஃப்ட் ஆட்கள்கூட "விருதுநகர்க்காரரைக் கூப்பிடு, கைய வச்சுப் பாத்துச் சொல்லட்டும்" என்பார்கள். அதைக் கேட்கப் பிடிக்கும் எனக்கு.

ஆலை தன் லைனை வேறு மாநிலத்துக்கு மாற்றியபோது எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாற்பத்தாறு வயதில், கூரைமேல் சோலார் பேனல் பொருத்தும் ஒரு சிறிய கம்பெனியில் சைட் இன்சார்ஜாகச் சேர்ந்தேன். வானத்துக்குக் கீழே வேலை பார்ப்பது அதுதான் முதல் தடவை. கை மட்டும் பழைய கை.

2. சூளகிரிக் கூரை

சூளகிரிப் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில், வண்டி பாகங்கள் அடிக்கும் ஷெட் ஒன்றின் கூரை. பேனல்களை ஏற்றி முடித்தாயிற்று. பேனல்களிலிருந்து கீழே இன்வெர்ட்டர் அறைக்குக் கேபிள் இறக்க வேண்டும். இன்வெர்ட்டர் என்பது வெயிலில் பிறந்த மின்சாரத்தை மெஷின் ஓட்டும் மின்சாரமாக மாற்றும் பெட்டி. கேபிளைப் போர்த்துவதற்கு எந்தக் குழாய் என்று முடிவு செய்ய வேண்டியது நான். இரண்டு கட்டு ஸ்டீல் ஃப்ளெக்சிபிள் வரவழைத்திருந்தேன்.

முனிரத்தினம் அந்தக் கட்டுகளில் ஒன்றைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ராயக்கோட்டைக்காரர், லைசென்ஸ் வாங்கிய ஒயர்மேன், அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், லாரிக்காரர்களிடம் கன்னடம். மூன்றிலும் ஒரே வேகத்தில் திட்டுவார். நான் வருவதற்கு முன்பே ஐந்து வருடமாகக் கூரைகளின் மேல் அலைந்தவர்.

"அண்ணா, இது இங்க வேணாங்ண்ணா."

"ஏன், இரும்பு உனக்கு ஆகாதா?"

"இரும்பு ஆவும். இது அம்மணமா இருக்குது பாருங்க. இதுக்கே மேல ரப்பர் மாதிரி தோல் போட்டு வருது, அத வாங்கலாம். இல்லன்னா வெயிலுக்குன்னே செய்யற கறுப்பு நைலான் பைப்பு."

"பிளாஸ்டிக்கா? ரெண்டு கோடையில அப்பளமா நொறுங்கிரும்யா. நான் பாத்திருக்கேன்."

"நீங்க பாத்தது வூட்டு செவுத்துக்குள்ள போடற சாம்பக் கலர் பைப்பு. அது நொறுங்கும், நானே சொல்றன். இது வேற மாலு."

"எலி கடிக்கும்."

"இந்தச் சூட்டுல எலி மேல ஏறி வந்துச்சுன்னா, பாவம், நானே அதுக்குத் தண்ணி குடுக்கறன்."

கூரையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் நான் கேட்டிருப்பேனோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன்: "நீ ஸ்கூல் பை தூக்கிட்டுப் போனப்ப நான் மெஷினுக்குள்ள ஒயர் இழுத்தவன்யா. எனக்குக் குழாய் பாடம் எடுக்காத."

பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும். ரத்தினம் விடவில்லை. ஒன்பது மணி இருக்கும். வெயில் ஏறத் தொடங்கியதும் ஷீட்டுகள் ஒவ்வொன்றாக டிக், டிக் என்று முனகின. அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"கேக்குதா அண்ணா? காலையில நீளும், சாயந்தரம் சுருங்கும். தெனம் ரெண்டு வேள. அதோட சேந்து பைப்பும் நவுரும். உள்ள இருக்கற கேபிளு தேயும். செரி, இதையேதான் போடணும்னா ரெண்டு வாயையும் கீழ பாக்கறாப்ல திருப்பி, வாயில புஷ் போட்டுட்டு, நடுவுல தொங்காம கிளாம்ப் அடிச்சிடலாம். எர்த் ஒயர் ஒண்ணு குடுத்துரலாம்."

புஷ் என்பது குழாயின் வாய் விளிம்பு கேபிளை அறுக்காமல் இருக்க மாட்டும் ஒரு சிறிய பிளாஸ்டிக் வளையம். எங்கள் கையில் ஒன்றுகூட இல்லை. ஓசூர் போய் வாங்கி வர அரை நாள் ஆகும். மறுநாள் மின்வாரியத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள்.

"பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டி இறுக்கிட்டு வா, போதும்," என்றேன்.

மெஷினில் குழாயின் இரண்டு முனையும் பெட்டிக்குள் போய்விடும். வாய் என்று வெளியே தெரிய ஒன்றும் இராது. மேலேயிருந்து தண்ணீர் வரும் என்று நினைக்க அங்கே காரணமும் இராது. இங்கே பேனலின் ஓரத்தில் ஸ்டீல் குழாயின் ஒரு வாய் வானத்தைப் பார்த்து ஆவென்று திறந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஏணியில் இறங்கினேன்.

வேலை அழகாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பார்வையிட வந்தவர் வெள்ளி போல மின்னிய குழாயைப் பார்த்து, "நீட்டா பண்ணியிருக்கீங்க" என்றார். ரத்தினம் என்னைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

3. பத்து மணிக்குச் சரியாகும் கோளாறு

முதல் வருடம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் அந்த ஷெட்டின் எலெக்ட்ரீஷியன் ஃபோன் செய்தார். காலையில் இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கு காட்டுகிறது, இன்சுலேஷன் ஃபால்ட் என்கிறது, பத்து மணிக்குத் தானாகச் சரியாகி ஓடுகிறது என்றார்.

"பனி விழுந்திருக்கும். காஞ்சா சரியாயிரும்," என்றேன். அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன்.

அடுத்த வாரம் பதினொரு மணி ஆயிற்று. அதற்கடுத்த வாரம் மதியம். இந்த நோயின் குணம் அது. கேபிளின் தோல் எங்கோ கிழிந்திருக்கிறது, அந்தக் கிழிசலை ஈரம் தொடுகிறது, வெயில் வந்து ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போகிறது. தினமும் வெயில் நம் தவறைத் துடைத்துவிட்டுப் போனால் நாம் எதற்குக் கூரையேறுவோம்?

நான்காவது தடவை ஃபோன் வந்தபோது நான் ஓசூரில் வேறு சைட்டில் இருந்தேன். ரத்தினத்தை அனுப்பினேன். இரவு முழுக்கப் பெய்து வெறித்த காலை. பெல்ட், கயிறு, கிளவுஸ் எல்லாம் போட்டுக்கொண்டு முறையாகத்தான் ஏறினார். ஷெட்டின் எலெக்ட்ரீஷியன் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். எட்டே முக்காலுக்கு எனக்கு ரத்தினத்திடமிருந்து அழைப்பு.

"அண்ணா, ஐசோலேட்டரை ஆஃப் பண்ணிட்டன். பைப்புக்குள்ள தண்ணி நிக்குது. ஆனா எங்கன்னு தெரியல. நாப்பது மீட்டரு ஓடுது, மூணு எடத்துல தொங்குது."

ஐசோலேட்டர் என்பது இன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் துண்டிக்கும் சுவிட்ச்.

என் எதிரே வேறு ஓர் ஆள் வேறு ஒரு கேள்வியோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டு ஃபோனில் சொன்னேன்:

"கிளவுஸைக் கழட்டிட்டு அடிப்பக்கமாக் கைய வச்சுத் தடவிக்கிட்டே வாய்யா. எங்க சில்லுனு இருக்கோ அங்கதான் தண்ணி."

"வெறுங்கையிலயா?"

"அதான் ஆஃப் பண்ணிட்டேல்ல."

"செரிங்ண்ணா."

இதைப் படிக்கிற, தொழிலுக்குப் புதியவர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும். மெஷினில் மெயினை அணைத்தால் எல்லாம் செத்துவிடும். கூரையில் ஐசோலேட்டரை அணைத்தால், இன்வெர்ட்டருக்குப் போகும் பாதை மட்டுமே துண்டாகும். பேனலிலிருந்து அந்தச் சுவிட்ச் வரைக்கும் வரும் கேபிளில், வெளிச்சம் இருக்கும்வரை மின்சாரம் இருக்கும். வெளிச்சத்தை அணைக்கும் சுவிட்சை இதுவரை யாரும் செய்யவில்லை. எனக்கு இது தெரியாதா? தெரியும். பயிற்சி வகுப்பில் நானே கரும்பலகையில் எழுதிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று காலை ஃபோனில் பேசியது இருபத்திரண்டு வருடம் ஷெட்டுக்குள் இருந்த கை.

உள்ளே நடந்திருந்தது இதுதான். திறந்த வாய் வழியாக இரண்டு மழைக்காலத் தண்ணீர் இறங்கி, குழாய் தொங்கிய இடங்களில் தேங்கியிருந்தது. ஷீட் தினமும் நீண்டு சுருங்கிய இழுப்பில், புஷ் இல்லாத விளிம்பும் குழாயின் உள் மடிப்புகளும் கேபிளின் தோலை இரண்டு மூன்று இடத்தில் அறுத்திருந்தன. தண்ணீர் அந்தக் காயங்களைக் குழாயோடு சேர்த்து வைத்தது. எர்த் கொடுக்காத குழாய் முழுக்க மின்சாரம் ஏறி, வெள்ளி போல மின்னிக்கொண்டு, சும்மா கிடந்தது. ரத்தினம் ஈர ஷீட்டின் மேல் மண்டியிட்டு அதன் அடிப்பக்கம் வலது கையைக் கொடுத்தார்.

பேனலில் பிறக்கும் டிசி மின்சாரம் பிடித்தால் விடாது. விரல்கள் குழாயைச் சுற்றி மூடிக்கொண்டன. எலெக்ட்ரீஷியன் கயிற்றைப் பிடித்து முழு உடம்போடு பின்னால் சாய்ந்து இழுத்திருக்கிறார். அவர் யோசிக்காமல் நேராகக் கையைப் பிடித்து இழுத்திருந்தால் இரண்டு பேரும் மாட்டியிருப்பார்கள். ஃபோன் கூரையில் விழுந்து, அழைப்பு துண்டாகாமல் இருந்தது. என் காதில் ஷீட்டின் மேல் பூட்ஸ் உதைக்கும் சத்தமும், கன்னடத்தில் யாரோ கத்துவதும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

உயிர் பிழைத்தார். உள்ளங்கை வெந்து, இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை இறுக்கிப் பிடிக்க முடியாத ஒயர்மேன்.

4. அறிக்கை

ஆஸ்பத்திரியிலிருந்து மதியம் கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் மதுரைக்காரர். என்னை எப்போதும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். கதவைச் சாத்திவிட்டு, தானே எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு அண்ணாச்சி?"

"உயிருக்கு ஒண்ணுமில்ல. கைதான்."

"அவன் ஆஸ்பத்திரிச் செலவு மொத்தமும் நம்மது, அதுல பேச்சே இல்ல. இப்ப இன்னொண்ணு. பேட்டையோட சேஃப்டி ஆபீஸ்ல சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் கேக்குறாங்க. சைட் இன்சார்ஜ் நீங்கதான் எழுதணும்." கொஞ்சம் நிறுத்தினார். "கிளவுஸ் போட்டிருந்தானா?"

"இல்ல."

"அதை எழுதுங்க. குழாய், புஷ்ஷு, அதெல்லாம் எழுதுனீங்கன்னா அந்தப் பேட்டையில நாம போட்ட எல்லாக் கூரையையும் பிரிக்கச் சொல்லுவான். நம்ம ஆளுக முப்பது பேரு நாளைக்கு எங்க போவாங்க? நீங்களே சொல்லுங்க."

அவர் என்னிடம் பொய் எழுதச் சொல்லவில்லை. அவரைக் குற்றம் சொல்லி நான் தப்பிக்கவும் முடியாது. ஃபோனில் நான் என்ன சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அந்த அறையில் நான் காப்பாற்றியது முப்பது பேரை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

எழுதினேன். பணியாளர் ஐசோலேட்டரை அணைத்தார். பாதுகாப்புப் பெல்ட் அணிந்திருந்தார். கையுறையைக் கழற்றிவிட்டுக் குழாயைத் தொட்டார். மின்சாரம் தாக்கியது. ஒரு வரியிலும் பொய் இல்லை. என் வாழ்நாளில் நான் எழுதிய மிக நேர்த்தியான அறிக்கை அது.

அடுத்த மாதமே, யாரும் சொல்லாமல், அந்தக் கூரையின் ஸ்டீல் குழாயைக் கழற்றி எறிந்தேன். வெயில் தாங்கும் கறுப்பு நைலான் போட்டேன். வாய்களைக் கீழே திருப்பினேன், முனைக்கு முனை, தண்ணீர் புகாமல் கேபிளைச் சுற்றி அடைக்கும் கிளாண்ட் இறுக்கினேன், தொங்கல் இல்லாமல் கிளாம்ப் அடித்தேன். ஒவ்வொரு கூரையாக, பேட்டை முழுக்க. சாதாரணப் பராமரிப்பு என்று கணக்கு. ரத்தினம் அன்று சொன்ன ஒவ்வொன்றையும், ரத்தினம் இல்லாமல் செய்தேன். குழாயை மாற்றினேன். அறிக்கையை மாற்றவில்லை.

5. மத்தூர் கடை

இரண்டு வருடம் அவரைப் பார்க்கவில்லை. முதலில் ஃபோன் செய்துகொண்டிருந்தேன், பிறகு தீபாவளிக்கு மட்டும், பிறகு அதுவும் இல்லை. மனைவியின் ஊரான மத்தூருக்கே போய்விட்டார், அங்கே எலெக்ட்ரிகல் கடையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கூரைக்கு அளவு எடுக்கப் போனபோது, போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கவுன்டரில் ஒரு விவசாயி நின்றிருந்தார். மோட்டார் கொட்டகைக் கூரையில் பேனல் வைத்திருக்கிறாராம். வளையும் பைப்பு வேண்டுமாம்.

"வெயில் படுமா, நெழலா?" ரத்தினத்தின் குரல்.

"கூரை மேல நெழலு எங்கியா இருக்குது?"

"தகரமா, தளமா?"

"தகரந்தான்."

"பைப்போட ரெண்டு வாயும் எங்க பாக்கறாப்ல வெக்கப் போறீங்க?"

"யோவ், பைப்பு வாங்க வந்தா பொண்ணு பாக்க வந்த மாதிரி கேள்வி கேக்கற. எடுத்துப் போடுய்யா."

"பொண்ணு புடிக்கலன்னா திரும்பிப் போயிடலாம். இது மேல ஏறிட்டா எறக்க முடியாது. சொல்லுங்க, வாய் எங்க பாக்குது?"

விவசாயி தன் கையையே குழாயாக வளைத்துக் காட்டினார். ரத்தினம் அந்தக் கையைப் பிடித்து மணிக்கட்டைக் கீழே திருப்பினார். "இப்டி. தண்ணி வந்தா சொட்டிட்டுப் போவணும். உள்ள போவக் கூடாது." கறுப்பு நைலான் சுருளிலிருந்து அளந்து, வெட்டி, இரண்டு கிளாண்டை எடுத்து வைத்தார். வெட்டுவதற்கு இடது கை. வலது கை சுருளை அழுத்திப் பிடிக்க மட்டும்.

பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அட, ஏமண்ணா! உள்ள வாங்க, உள்ள வாங்க."

கோபம் இருக்கும் என்று, அதற்குச் சொல்ல நான்கு வார்த்தை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். கோபம் இல்லாததால் அது எதற்கும் உதவவில்லை. டீ வந்தது. பிள்ளைகள் படிப்பைக் கேட்டார், என் முட்டி வலியைக் கேட்டார், நான் கையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அதை முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். "மூணு வெரலு போதும்ண்ணா சோத்துக்கு."

டீ முடிந்ததும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு உதவி வேணும், கேக்கலாமா? பெங்களூர் கம்பெனிக்காரன் ஒருத்தன் சூளகிரியில சைட் எடுத்துக்கறான். என்னை சூப்பர்வைசரா வரச் சொல்றான். கை வேணாம், கண்ணு போதும்ங்கறான். பேட்டையில கேட் பாஸ் போட்டா கம்ப்யூட்டர்ல என் பேரு செவப்பா வருதாம். விதி மீறுன ஆளு, உள்ள வுட முடியாதுன்னுட்டான் செக்யூரிட்டி. ரெண்டு தடவ போயிட்டன். ரெண்டாந்தடவ வெயில்ல ஒரு மணி நேரம் நிக்க வெச்சான்."

காலி டீ கிளாஸைக் கவுன்டர் மேல் நகர்த்தி வைத்தேன்.

"ஃபோன்ல நீங்க கழட்டச் சொன்னதாலதான கழட்டுனன். அதத்தான் நீங்க ரிப்போர்ட்ல எழுதியிருப்பீங்களே. அந்தக் காயிதத்த ஒரு காப்பி எடுத்துக் குடுங்கண்ணா. காட்டுனா வுட்டுருவான்."

"நீ யார்கிட்டயும் சொல்லலயா ரத்தினம்? இத்தன நாளா?"

"யாரு கேட்டாங்க? ஒருத்தனும் கேக்கல. நீங்க எழுதியிருப்பீங்கன்னு வுட்டுட்டன்."

கடை வாசலில் ஒரு பஸ் நின்று கிளம்பியது. அது போகும்வரை காத்திருந்தேன்.

"நான் எழுதல."

அவர் என்னைப் பார்த்தார். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, அது நெற்றியிலிருந்து கீழே இறங்குவதைப் பார்த்தேன். எழுந்து போய், ஏற்கெனவே அடுக்கியிருந்த சுருள்களை மறுபடி அடுக்கினார். முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்:

"குழாயப் பத்தி?"

"அதுவும் எழுதல."

"அப்ப என்னாதான் எழுதினீங்க?"

"நீ கிளவுஸ் கழட்டினத."

அதற்குப் பிறகு வேறு வாடிக்கையாளர் வந்தார். ரத்தினம் அவரிடம் பல்புக்கு எத்தனை வாட் என்று கேட்டார். நான் எழுந்து "வரேன்" என்றதற்குத் தலையாட்டினார். அண்ணா என்று சொல்லவில்லை.

6. இரண்டாவது அறிக்கை

அன்றைக்கே எழுதினேன். குழாயை யார் தேர்ந்தெடுத்தது, யார் வேண்டாம் என்றது, எந்த வாய் எங்கே பார்த்தது, எட்டே முக்காலுக்கு ஃபோனில் என்ன சொன்னேன், எல்லாம். மேனேஜர் படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். "இப்ப எதுக்கு அண்ணாச்சி இது? அதான் எல்லாத்தையும் நீங்களே சரி பண்ணிட்டீங்களே." நான் வேலையை விட்டேன். காகிதத்தை நானே எடுத்துக்கொண்டு பேட்டையின் சேஃப்டி ஆபீஸுக்குப் போனேன்.

அங்கே புதிதாக வந்திருந்த பெண் அதிகாரி, முப்பது வயதுக்குள் இருப்பார், முழுவதையும் நிதானமாகப் படித்தார். பழைய ஃபைலை எடுத்துவரச் சொன்னார்.

"அப்போ கிளவுஸைக் கழட்டச் சொன்னது நீங்க?"

"ஆமாங்க மேடம். அவர் மேல தப்பில்ல. அவர் பேரை எடுத்துருங்க."

"அவர் கழட்டினது உண்மைதானே சார்?"

"உண்மைதான். நான் சொல்லித்தான்."

"புரியுது. ஆனா வேற ஒருத்தர் சொன்னாலும் கழட்டக் கூடாதுங்கறதுதான் விதி. மூடின கேஸ்ல பேரை எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு வந்து சொல்றீங்க. அப்பவே இது உள்ள இருந்திருந்தா அவர் பேர் இங்க வந்தே இருக்காது. குழாய் சரியில்லைன்னு போட்டு முடிச்சிருப்பாங்க." கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "உங்க பேரைச் சேர்க்கத்தான் என்னால முடியும். சேர்க்கணும். நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க."

சேர்த்தார். என் கண் முன்னால், ஒரு விரலால் தேடித் தேடித் தட்டி.

வெளியே வந்து ரத்தினத்துக்கு ஃபோன் செய்தேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன், எடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப என் பேரு போவல."

"போகல."

"உங்க பேரும் ஏறிடுச்சு."

"ஆமா."

ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நல்ல சிரிப்பு இல்லை. "அந்தப் பெங்களூர்க்காரன் நேத்தே வேற ஆளப் போட்டுட்டான். சொல்லலாம்னு இருந்தன். செரி, கடையில ஆளு நிக்கறாங்க." வைத்துவிட்டார்.

இப்போது நான் வீடுகளுக்கு மட்டும் பேனல் பொருத்துகிறேன். பேட்டைக்குள் போக எனக்கும் அனுமதி இல்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். வெயிலில் கிடக்கும் குழாய்க்கு வெயில் தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும், கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது. தகரக் கூரை அசையும், அதோடு அசையும் குழாயை எடுங்கள். இரும்புதான் வேண்டும் என்றால் தோல் போட்டதை எடுத்து, எர்த் கொடுங்கள். வாய் கீழே பார்க்கட்டும். தொங்கல் வேண்டாம். காலையில் வந்து மதியம் போகும் கோளாறைப் பனி என்று சொல்லாதீர்கள். வெளிச்சம் இருக்கும்வரை கேபிளை உயிருள்ளது என்றே நினையுங்கள். உங்களை விடச் சின்னவர் சொல்லி மற்றவர்கள் சிரித்தால், சிரிப்பு அடங்கிய பிறகு அவர் சொன்னதை மறுபடி கேளுங்கள். தவறு நடந்துவிட்டால் அன்றைக்கே எழுதுங்கள், முழுவதும் எழுதுங்கள். அன்றைக்கு எழுதினால் அது ஒருவரைக் காப்பாற்றும். பிறகு எழுதினால் எழுதியவர் மனசுக்கு மட்டும்தான்.

சேஃப்டி ஆபீஸில் அந்த அதிகாரி பழைய ஃபைலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் கையெழுத்து. தாளின் மேல் பாதியில் அந்த நான்கு வரிகள். கீழே பாதித் தாள் காலி. பின்னால் யாரும் எதையும் எழுதிச் சேர்த்துவிடக் கூடாது என்று, அந்தக் காலி இடத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்திருந்தேன். ஸ்கேல் வைத்து, நேராக.